பெட்டி எங்கேன்னு கல்லைக் கேட்டானாம்

ஏங்கண்ணு, செத்துப்போன சிப்பாயிக்கு மரியாதை செய்யறதுக்குக் கணக்குப் பரீட்சை எதுக்கு?

கோவிச்சுக்காதே. கெழவன் கேக்கறேன், பதிலைச் சொல்லு. நீ இருக்கற அயோவாவுல, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவால ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் இருக்குது. இரும்புக் கதவு போட்டு, பேருப் பலகையும் வச்சிருக்கான். ரோட்டுல கண்ணை மூடிட்டுப் போறவனுக்கும் தெரியும். அங்க போய்ச் சேர உனக்கு 20,000 கிலோமீட்டர் ஒசரத்துல சுத்தற செயற்கைக்கோள் வேணுமாம். அதுவும் ஒண்ணு பத்தாது, நாலு வேணுமாம். போன பொறவு கல்லு கல்லாப் போயி எண்ணைப் பொறுக்கோணும். கூட்டோணும், கழிக்கோணும். வர்ற விடையை அட்சரேகை தீர்க்கரேகைக்குள்ள சொருகோணும். அது காட்டற எடத்துக்குப் போயி, வேலி ஓரத்துல ஒளிச்சு வச்ச பெட்டியைத் தொறந்து, சீட்டுல பேரெழுதிட்டு வரோணும். கேட்டா, "முன்னாள் படைவீரருக்கு அஞ்சலி அப்புச்சி"ங்கறே. மூக்கைத் தொடறதுக்கு இத்தனை சுத்தா, சாமி?

ஜியோகேச்சிங்னு பேரு வச்சிருக்கீங்க. இருக்கட்டும். அது பொறந்த கதையை என்ற பேத்தி படிச்சுச் சொன்னா. இந்தச் செயற்கைக்கோள் ஏற்பாடே பட்டாளத்துக்காரன் பண்ணினது. ஊருல இருக்கற மத்தவன் கையில சரியான எடம் சிக்கக்கூடாதுன்னு, வேணும்னே நூறு மீட்டர் வரைக்கும் தடுமாற வச்சிருந்தான். 2000ஆம் வருசம் மே மாசம் 1ஆம் தேதி ராத்திரியோட கிளிண்டன் அந்தத் திரையை எடுத்துவுட்டாரு. எடுத்து ரெண்டு நாளு முழுசா ஆகலை. மே 3ஆம் தேதி ஓரிகன் மாநிலத்துல பீவர்கிரீக்குங்கற ஊருக்குப் பக்கத்துல டேவ் அல்மர்ங்கறவரு காட்டுல ஒரு வாளியைப் பொதைச்சு வச்சுட்டு, எடம் இன்னதுன்னு எண்ணைப் போட்டு, தெறமை இருந்தா எடுத்துக்கோன்னுட்டாரு. வாளிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நெனைக்கறே? புத்தகம், வீடியோ, ஒரு கவுட்டைவில்லு, ஒரு டப்பா பீன்சு.

பட்டாளத்துக்காரன் குண்டு போடறதுக்குக் கட்டின வானத்து வேலை, கடைசியில பீன்சு டப்பாவைத் தேட உதவுச்சு. இதுல எனக்கு வருத்தமே இல்லை. குண்டுக்குப் பீன்சு எவ்வளவோ மேலு. ஆனா அந்தத் துருப்புடிச்ச டப்பாவைப் பின்னால தேடி எடுத்து, கோயில் உற்சவரு மாதிரி கூட்டத்துக்குக் கூட்டம் கொண்டு போயி தரிசனம் குடுக்கறாங்க பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துருது.

இப்ப உலகம் பூராவும் 30 லட்சத்துக்கு மேல பெட்டி ஒளிச்சு வச்சிருக்காங்களாம். அதுல புதிர்ப் பெட்டி ஒரு சாதி. வரைபடத்துல கேள்விக்குறி போட்டு ஒரு எடத்தைக் காட்டுவாங்க. அங்க பெட்டி இருக்காது. அது பொய்யி. பொய்யின்னு எல்லாத்துக்கும் தெரியும். ஆனா நெசமான எடத்துல இருந்து ரெண்டு மைலுக்கு மேல தள்ளிப் பொய் சொல்லப்படாதுன்னு சட்டம் வச்சிருக்காங்க. அட, இந்தச் சட்டத்தை எலெக்‌ஷன்ல நிக்கறவனுக்கும் போட்டா எத்தனை நல்லா இருக்கும்?

சரி, உன்ற புதிருக்கு வருவோம். காகிதத்தைக் காட்டினியே, படிச்சேன். "மூணாவது வரிசையில கேடயம் போட்ட கல்லு. அதுல இருக்கற ரெஜிமெண்ட் எண்ணோட இலக்கத்தைக் கூட்டு. வர்றது ரெண்டு இலக்கமா இருந்தா மறுபடியும் கூட்டு. அதுதான் ஏ." கல்லுல 37னு இருக்குது. மூணும் ஏழும் பத்து. ஒண்ணும் சைபரும் ஒண்ணு. ஆக, ஏ சமம் ஒண்ணு. அடங்கொப்புறானே! இந்த வேலையைத்தான் நம்மூர்ல எண் சோசியக்காரன் நூறு ரூபா வாங்கிட்டுச் செய்யறான்.

அந்தக் கல்லைச் சித்தெ உத்துப் பாத்தியா? வெள்ளைப் பளிங்கு. மேல சித்தெ வளைஞ்ச தலை. முன்னால கேடயம் ஒண்ணைக் குழிச்சு, குழிக்குள்ள எழுத்தைப் புடைப்பா வுட்டிருக்கான். பேரு வளைவா இருக்கும். கீழ கம்பெனி எழுத்து. அதுக்குக் கீழ "37 அயோவா காலாட்படை". அவ்வளவுதான். பொறந்த தேதி இல்லை, செத்த தேதி இல்லை, பொண்டாட்டி பேரு இல்லை. "புதிருக்கு எண்ணே பத்தலை அப்புச்சி, தேதி போடாம வுட்டுட்டானுங்க"ன்னு அலுத்துக்கிட்டே. உனக்குப் புதிர் போட எண்ணு வேணும்னு அந்தக் காலத்துச் சர்க்காருக்குத் தெரியாமப் போச்சு, பாவம்.

அமெரிக்காவுல வடக்கும் தெக்கும் அடிச்சுக்கிட்ட உள்நாட்டுப் போரு 1865ல முடிஞ்சுது. சிப்பாயிக கல்லறைக்கெல்லாம் மரப்பலகை நட்டு வச்சிருந்தாங்க. மழைக்கும் கரையானுக்கும் பலகை எத்தனை நாளைக்குத் தாங்கும்? 1873ல காங்கிரசு பணம் ஒதுக்கி, தேசியக் கல்லறைகளுக்குக் கல்லு குடுக்கச் சொல்லுச்சு. ஆனா போருக்குப் போய் உசுரோட வந்து, சொந்த ஊருல வெவசாயம் பாத்து, நோவுல செத்து, ஊருக் கல்லறையில கெடந்தவன்? அவனுக்கு 1879லதான் சட்டம் வந்துச்சு. தனியார் கல்லறையில பொதைச்ச சிப்பாயிக்கும் சர்க்கார் கல்லு உண்டுன்னு அப்பத்தான் ஆச்சு. அப்படி வந்த கல்லுதான் நீ பாக்கற பாதிக் கல்லு. இன்னிக்கும் குடும்பத்துக்காரங்க கேட்டா சும்மா குடுக்கறாங்க. 42 அங்குலம் ஒசரம், 13 அங்குலம் அகலம், 4 அங்குலம் கனம், எடை ஏறத்தாழ 230 பவுண்டு. நம்ம கணக்குல நூறு கிலோவுக்கு எச்சு. ஆயிரக்கணக்குல செதுக்கற கல்லுல ஒவ்வொருத்தன் கதையையும் எழுத முடியுமா? பேரு, கம்பெனி, படை. மிச்சத்தை ஊருக்காரன் வாயில வுட்டுட்டான். ஊருக்காரன் செத்துட்டான். இப்ப நீ வந்து மூணும் ஏழும் பத்துங்கறே.

அந்த 37 ஆருன்னு தெரியுமா? நான் சொல்லறேன், உக்காரு.

கெழட்டுப் பட்டாளம்! பொய்யில்லை. 1862 கடைசியில அயோவாவுல 45 வயசுக்கு மேல ஆனவங்களை மட்டும் சேத்து ஒரு படையைக் கட்டினாங்க. நரைதாடிப் படைன்னே பேரு. அறுவது, எழுவது வயசெல்லாம் அதுல சாதாரணம். கர்டிஸ் கிங்குன்னு ஒருத்தரு, சேரும்போதே 80 வயசு. உன்ற அம்மா என்னையப் படியேறாதீங்கன்னு மெரட்டறா. அந்த மனுசன் துப்பாக்கியைத் தோளுல போட்டுட்டு ஊரை வுட்டுக் கெளம்பிட்டாரு. எதுக்கு? எளவட்டம் முன்னால நின்னு சண்டை போடட்டும், காவல் வேலையை நாங்க பாத்துக்கறோம்னு. ரயில் காவல், சிறைச்சாலைக் காவல். செயிண்ட் லூயிஸ், ஆல்ட்டன், ராக் ஐலண்டுன்னு ஊரூராப் போயி, கைதி தப்பிச்சுப் போகாமப் பாத்துக்கறது. சண்டையில செத்தது மூணே பேரு. சீக்குல செத்தது நூத்துக்கும் மேல. குளுருல ராத்திரிக் காவல் நின்னா கெழவனுக்கு என்ன ஆகும்?

அவங்க மட்டுமில்லை. அயோவாவுல இருந்து அந்தப் போருக்கு ஏறத்தாழ 76,000 பேரு போயிருக்காங்க. 13,000 பேரு செத்துப் போனாங்க. குண்டு பட்டுச் செத்தவனை வுட பேதியிலயும் காச்சல்லயும் செத்தவன்தான் எச்சு. வெறும் எண்ணாச் சொன்னா உனக்கு ஒறைக்காது. உனக்கு எண்ணைக் கண்டா கூட்டத்தானே தோணும்.

நம்ம பக்கம் கல்லு நட்டவன் இந்த விசயத்துல வெவரமானவன். திருவண்ணாமலைச் சீமையில எடத்தனூர்னு ஒரு ஊரு. அங்க மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லு, 1,400 வருசம் ஆச்சு. வீரனோட அவன் நாயையும் செதுக்கி வச்சிருக்கான். நாயிக்குப் பேரு கோவிவன். அது கள்ளனைக் கடிச்சுக் காவல் இருந்துச்சுன்னு அதுக்கும் ஒரு வரி எழுதியிருக்கான். பல்லவன் கல்லுல நாயி செஞ்ச வேலை இருக்குது. சர்க்கார் கல்லுல ஆளு செஞ்ச வேலை இல்லை. அப்ப அதை ஆரு சொல்லோணும்? புதிர் போடற நீதானே?

"புதிருக்கு எண்ணு வேணுமே அப்புச்சி"ம்பே. வேணும்தான். இப்படிக் கேளு: "மூணாவது வரிசைக் கெழவர் இருந்த படையில சேரோணும்னா எத்தனை வயசு தாண்டியிருக்கோணும்?" 45னு வரும். அதுவும் எண்ணுதானே கண்ணு? நாலு ஒரு பக்கம், அஞ்சு ஒரு பக்கம், அப்படியே சொருகிக்கோ. பக்கத்து வரிசையில 22ஆம் அயோவாக்காரர் ஒருத்தர் படுத்திருக்காரு. அந்தப் படை விக்ஸ்பர்க் கோட்டையை என்னிக்கு ஏறுச்சுன்னு கேளு. 1863, மே 22. கொஞ்சம் பேருதான் உள்ள பூந்தாங்க, கொடியைக் கோட்டைச் செவுத்து மேல நட்டாங்க. கல்லுலயும் 22, தேதியும் 22. வர்றவன் ரெண்டு தடவை படிப்பான். குறுக்குவழி தேடறவன் கல்லைப் பாத்தே விடை போட்டுருவான், போடட்டும். மத்தவன் அந்த ராத்திரி விக்ஸ்பர்க்கைப் பத்திப் படிச்சுட்டுத்தான் படுப்பான்.

ஆனா கணக்கை ஒண்ணுக்கு ரெண்டு தடவை சரி பாரு. நிமிசத்துக்குப் பொறவு வர்ற மூணாவது இலக்கத்துல ஒண்ணு தப்பினா ரெண்டு மீட்டர்கூட இல்லை, போனாப் போகுது. மொத இலக்கத்துல ஒண்ணு தப்பினா 185 மீட்டர். அஞ்சலி செய்ய வந்தவன் எவனோ ஒருத்தன் மக்காச்சோளத்துக்குள்ள பூந்து பயிரை மிதிப்பான். காட்டுக்காரன் வந்து நிப்பான். சிப்பாயிக்கு மரியாதை, உசுரோட இருக்கறவனுக்கு நட்டம்.

பெட்டியை எங்க வைக்கறே? கல்லறை மேல வைக்கறேன்னு மட்டும் சொல்லிராதே, செருப்பு பிஞ்சிரும். கல்லு பக்கத்துல வெண்கல நட்சத்திரம் நட்டிருக்கும் பாத்தியா, கொடி சொருகறது? போருக்குப் போய் வந்தவங்க 1866ல ஒரு சங்கம் வச்சாங்க, குடியரசின் பெரும்படைன்னு. அவங்க அடையாளம் அது. அதுக்கு அடியில குண்டுமணி அளவுக் காந்த டப்பாவை ஒட்டி வச்சுட்டு, "ஒளிவு அபாரம்"னு தட்டிக் குடுத்துக்கறவனுங்க உண்டு. அந்தச் சங்கத்துக் கடைசி ஆளு செத்தது 1956ல. அவரு இருந்திருந்தா உன்ற காதைத் திருகியிருப்பாரு. வெளிய, வேலிக்கு அந்தாண்ட வையி. அதுக்கும் கேட்டுட்டு வையி. ஆரைக் கேக்கறதா? டவுன்ஷிப் டிரஸ்டியைக் கேளு. அதுக்கும் முந்தி புல்லு வெட்டறவரைக் கேளு. எந்தக் கல்லு ஆடுது, எந்தக் குழியில கால் மாட்டும், எந்தக் குடும்பத்துக்காரன் சண்டைக்கு வருவான்னு அவருக்குத்தான் தெரியும். கேக்காம வச்சா என்ன ஆகும்னு தென் கரோலினாக்காரனைக் கேளு. 2005ல அங்க கல்லறையில இந்த வெளையாட்டையே தடுக்கறதுக்குச் சட்டசபையில ஒரு மசோதா வந்துச்சு. கீழ்ச்சபை தாண்டி, மேல்சபையில நின்னுபோச்சு. தப்பிச்சீங்க.

பெட்டின்னா எனக்குப் பிடிச்சது ஒண்ணு இருக்குது. பச்சை நெறத்துத் தகரப் பெட்டி, ரப்பர் வச்ச மூடி, மழைத்தண்ணி ஒரு சொட்டு எறங்காது. பட்டாளத்துல துப்பாக்கிக் குண்டு போட்டு வச்ச பெட்டி. பழசாகிப் போனதைக் கடையில விக்கறான், நீங்க வாங்கி அதுக்குள்ள ரப்பர் வாத்தும் சாவிக்கொத்தும் போட்டு வைக்கறீங்க. சிப்பாயி பேருல வைக்கற பெட்டிக்கு இதை வுட்டா வேற எது பொருந்தும்? பிளாஸ்டிக் டப்பாவைக் கண்ணுல காட்டாதே.

எழுத்து தெரியலைன்னா கம்பித் தேய்ப்பானை எடுத்துட்டுக் கெளம்பிராதே. பளிங்கு அது. ஏற்கெனவே அமில மழை தின்னது போக மிச்சந்தான் இருக்குது. சவர நுரையைப் பூசி எழுத்தை எடுக்கறேன்னு இன்னொரு கூத்து. நுரை கல்லு தொவாரத்துல தங்கிக் கல்லைக் கெடுக்குது. உனக்குத் தாடியே மொளைக்கலை, கல்லுக்கு எதுக்குச் சவரம்? காத்தால போ, இல்லை பொழுது சாய போ. வெயில் சாஞ்சு வுழுந்தா புடைப்பு எழுத்துக்கு நெழல் கட்டும், தன்னால படிக்கலாம். உச்சி வெயில்லதான் போவேன்னா ஒரு கண்ணாடியைக் கொண்டுபோயி ஓரத்துல இருந்து வெளிச்சத்தைத் திருப்பு. காசு செலவில்லை, கல்லுக்கும் நோவில்லை.

ராத்திரியில போகாதே. பேய்க்குச் சொல்லலை, ஷெரீப்புக்குச் சொல்லறேன். மொதல்ல கண்டுபுடிச்சவன் நாந்தான்னு சீட்டுல எழுதற வெறியில, பெட்டி அறிவிச்ச அரை மணி நேரத்துல தலையில வெளக்கைக் கட்டிட்டுக் கல்லறைக்குள்ள ஓடறானுங்களாமே? 160 வருசமாப் படுத்திருக்கறவரு காலையில எந்திரிச்சா போயிருவாரு? அப்படி ஓடிப்போயி என்ன எழுதறான்? டி எஃப் டி சி. பெட்டிக்கு நன்றியாம், அதையும் நாலெழுத்தாக் குறுக்கிட்டான். சிப்பாயி பேரு எங்க? சீட்டுல ஒரு கட்டம் போட்டு, "கல்லுல படிச்ச பேரு"ன்னு தலைப்பு குடு. எழுதட்டும். பென்சில் அவன் கொண்டு வரட்டும்.

காசு விசயத்தைச் சொல்ல மறந்துட்டேன். அங்க கல்லு மேல சில்லறை வைக்கற பழக்கம் ஒண்ணு இருக்குது. ஒரு சென்ட் வச்சா வந்துட்டுப் போனேன்னு அர்த்தம். அஞ்சு வச்சா பயிற்சியில ஒண்ணா இருந்தோம். பத்துன்னா ஒரே படையில இருந்தோம். இருவத்தஞ்சு வச்சா, செத்தப்ப பக்கத்துல இருந்தேன்னு. நல்ல வழக்கந்தான். ஆனா நான் அந்தக் கல்லறையைச் சுத்தி வந்தப்ப 1864ல செத்தவரு கல்லு மேல பளபளன்னு ஒரு இருவத்தஞ்சு சென்ட் கெடந்துச்சு. ஆரு கண்ணு வச்சது? கெழட்டுப் பட்டாளத்துல இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காரோ? ஒரு சென்ட் போதும்னு உன்ற சிநேகிதங்களுக்குச் சொல்லி வையி. வராதவன் வச்ச இருவத்தஞ்சை வுட வந்தவன் வச்ச ஒண்ணு எச்சு.

உன்னையக் கேலி பண்ணறேன்னு மூஞ்சியைத் தூக்காதே. மே மாசம் கடைசித் திங்கக்கெழமை நினைவு நாளுக்குக் கொடி நடறாங்க. வாரிசு இருக்கற கல்லுக்குப் பூவும் வருது. மத்த நாள்ல அந்தக் கதவைத் தொறக்க ஆளில்லை. உன்ற பெட்டியை வச்சா எவனோ ஒருத்தன் நூறு மைலு வண்டி ஓட்டிட்டு வந்து, ஆருன்னே தெரியாதவரு கல்லு முன்னால முட்டி போட்டு ஒரு பேரை எழுத்துக் கூட்டிப் படிப்பான். அதுக்காகத்தான் உன்னையச் சும்மா வுடறேன். அவன் முட்டி போட்டதுக்குக் கூலியா ஒரு மூணும் ஏழும் பத்தைக் குடுத்து அனுப்பாதேன்னுதான் சொல்லறேன்.

ஆங், வட கரோலினாவுலயும் ஒண்ணு வைக்கப் போறேன்னியே. அங்க சூதானமா இரு. தெக்கத்திப் படைக்காரனுக்குச் சர்க்கார் குடுக்கற கல்லுக்குத் தலை கூர்ப்பா இருக்கும். வடக்கத்தியான் மேல ஏறி உக்காரக்கூடாதுன்னு அப்படிப் பண்ணினதாச் சொல்லுவாங்க. கட்டுக்கதைதான், ஆனா சொல்லறதுக்கு ருசியா இருக்குது. கூர்ப்பா உருட்டையான்னு பாத்துக் கட்சியைக் கண்டுபுடிச்சுப் புதிர் போடலாம்னு உன்ற புத்தி இப்பவே ஓடும், எனக்குத் தெரியும்.

அங்க மலைப்பக்கம் மோஸ் டிரிப்லெட்னு ஒருத்தரு கல்லைப் போயிப் பாரு. 1846ல பொறந்தவரு. மொதல்ல தெக்கத்திப் படையில சேந்தாரு. கெட்டிஸ்பர்க் சண்டைக்குச் சில நாளு முந்தி ஆசுபத்திரியில இருந்து நழுவிட்டாரு. அவரு படை அந்தச் சண்டையில நொறுங்கிப் போச்சு. அடுத்த வருசம் வடக்கத்திப் படையில சேந்துட்டாரு. பொழைக்கத் தெரிஞ்ச மனுசன்! எத்தனை பொழைச்சாருன்னு கேளு: 83 வயசுல ஒரு பொண்ணைப் பெத்தாரு, 92 வயசு வரைக்கும் இருந்து 1938ல போனாரு. அந்தப் பொண்ணுக்கு அப்பன் பட்டாளத்துப் பென்சன் மாசம் 73 டாலர் 13 சென்ட், 2020 வரைக்கும் வந்துச்சு. போரு முடிஞ்சு 155 வருசம். அவரு கல்லுல எந்தக் கட்சின்னு போடலை. உள்நாட்டுப் போர்ச் சிப்பாயின்னு மட்டும் இருக்குது.

இப்ப எழுது உன்ற புதிரை. "வடக்கத்திப் படைன்னா 1. தெக்கத்திப் படைன்னா 2." ஒண்ணைப் போட்டவனும் ரெண்டைப் போட்டவனும் ஆளுக்கொரு பள்ளத்துல எறங்கித் தேடட்டும். உனக்குத்தான் கூட்டறது புடிக்குமே, மூணுன்னு போட்டவனுக்குப் பெட்டி கெடைக்கற மாதிரி வையி.